வலஞ்சுழி

இன்னும் பெயர் இல்லை அதற்கு.
மணிக்கு அறுபத்து மூன்று கிலோமீட்டர் வீசினால்தான்
பெயர் கொடுப்பார்கள்.
அதுவரை ஓர் எண், ஒரு மேகக் கந்தல்,
திமோர் கடலில் யாரோ சிந்திய மாவு.

போர்ட் ஹெட்லண்டில் நாங்கள் மூன்று பேர்
வேலை முடிந்ததும் அதைப் பார்க்கிறோம்.
யாரும் எங்களைக் கேட்கவில்லை.
டொரீன் பாஸ்கோ, அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவள்,
முப்பத்தோரு வருடமாகக்
காற்றழுத்தமானியைக் கணக்குநோட்டில் எழுதுகிறாள்.
லாக்லன், இழுவைப்படகின் எஞ்சின்காரன்,
கண்ணாடி போட்டும் கண்ணைச் சுருக்கித்தான் படம் பார்ப்பான்.
நான் உப்பு ஆலை ஆய்வகத்தில்
ஈரம் அளப்பவள்.

நாகப்பட்டினத்தில் நான் அறிந்த புயல்கள்
இடமாகச் சுற்றின.
இங்கே வலம் வருகின்றன,
பிரகாரம் கண்டவை போல.
முதல் வருடம் முழுக்க
அம்புக்குறிகளைத் தப்பாகவே போட்டேன்.
லாக்லன் பேசாமல்
ரப்பரை என் பக்கம் தள்ளுவான்.

திங்கள், மாலை நான்கு. ஆயிரத்து நான்கு.
இறங்குகிறதே, என்றேன்.
"தினமும் நாலு மணிக்கு இறங்கும், பத்துக்கு ஏறும்.
காற்றுக்கும் ஓதம் உண்டு," என்றாள் டொரீன்.
"ஏறாத நாளன்று பயப்படு."

செவ்வாய், பத்து மணிக்கு ஏறவில்லை.

அன்று மாலை பெயர் வந்தது.
இங்கே அதை எழுதப்போவதில்லை;
அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அதே பெயர்.
புதன் விடிவதற்குள் துறைமுகத்தைக் காலி செய்தார்கள்.
இரும்புத்தாது பாதி ஏற்றிய கப்பல்கள்
பந்தியில் பாதியில் எழுப்பப்பட்டவர்கள்போல்
ஒவ்வொன்றாக வெளியே போயின.
வரைபடத்தில் கோடு நேராக எங்கள் தலைமேல்.
ஜன்னலுக்குப் பலகை, குளியல்தொட்டியில் குடிநீர்.
குப்பைத்தொட்டியைக்கூடக் கயிறு போட்டுக் கட்டினோம்.

இரவு பதினொன்றரைக்கு
லாக்லன் ரேடார் படத்தை விரலால் தொட்டு
"திரும்புகிறது" என்றான்.
மூன்று பேரும் கத்தினோம். டொரீன் பீர் திறந்தாள்.
கிழக்கே, எண்பது மைல் கடற்கரைப் பக்கம்.
அங்கே யாரும் இல்லை, என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் போன் அடித்தது.
ஆர்னெல்.
அந்த நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையத்தின் சமையல்காரர்.
ஒன்பது வருடமாகக் காலை ஒன்பதுக்கு
எங்களுக்கு மழையளவு சொல்பவர்.
பெரும்பாலும் பூஜ்யம் என்ற ஒரு சொல்தான்,
சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

தொள்ளாயிரத்து எண்பத்தாறு, என்றார்.
ஒரு மணி நேரம் கழித்து, எழுபத்தொன்பது.
அப்புறம்:
லாரிக்காரர்கள் இரண்டு பேரும் நானும்
குளிர்பதன அறைக்குள் போகிறோம்,
அது ஒன்றுதான் கான்கிரீட்,
அறுபத்தெட்டு, எழுதிக்கொள்ளுங்கள்.
டொரீன் எழுதினாள்.
இணைப்பு அறுந்தது.

எங்கள் ஊரில் காற்று
நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்தது.
செம்மண் தூசி. ஒரு சொட்டு மழை இல்லை.
கடல் உள்வாங்கிச் சேறு தெரிந்தது.
இங்கிருந்து போன தண்ணீர்தான்
அங்கே ஏறுகிறது என்று தோன்றியது.
விஞ்ஞானம் அப்படி இல்லை. தெரியும்.
மேசையில் பீர் பாட்டில்கள் வியர்த்துக்கொண்டிருந்தன.
குடிக்க யாருக்கும் கை போகவில்லை.

வியாழன், நண்பகல் தாண்டி அவர் பேசினார்.
கூரை போயிற்று. ஒரு லாரி பக்கவாட்டில் படுத்திருக்கிறது.
மூவருக்கும் ஜலதோஷம்.
சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
ஒன்பது மணிக் கணக்கு தாமதம், மன்னிக்கணும்.
மழைமானியைக் காணோம், கம்பம் மட்டும் நிற்கிறது.
எவ்வளவு என்று போட்டுக்கொள்வீர்கள்?

முந்நூறு இருக்கும், என்றான் லாக்லன்.
ரேடார் நானூறு என்றது.
டொரீன் பென்சிலை என்னிடம் நீட்டினாள்.

ஒன்பது வருடப் பூஜ்யங்களுக்குக் கீழே
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
ஓரத்தில் மட்டும் எழுதினேன்:
ஆர்னெல் பேசினார், 12.40.